கரையானுக்கு மிஞ்சிய பெயர்கள்

காரைக்கால் பக்கத்துக் கோட்டுச்சேரிமேட்டிலிருந்து அதிக தூரமில்லை காசாக்குடி. 1879-இல் அங்கே பதினொரு செப்பேடுகள் கிடைத்தன. எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்ம பல்லவன் தன் 22-ஆம் ஆட்சியாண்டில் ஓர் ஊரைத் தானமாகக் கொடுத்ததற்கான சாசனம் அது. தானம் கொடுத்த ஊர் தொண்டை நாட்டில் இருக்கிறது. ஏடுகள் மட்டும் காவிரிக் கடைமடைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. ஊரைக் கொடுப்பதற்கு முன் அரசன் தன் வம்சத்தைச் சொல்கிறான். பிரம்மனில் தொடங்கி அங்கிரசு, பிருகஸ்பதி, பரத்வாசர், துரோணர், அசுவத்தாமன், பல்லவன் என்று இறங்கி, சிம்மவிஷ்ணு, மகேந்திரன், நரசிம்மன் வழியாகத் தன்னிடம் வந்து நிற்கிறான். இவ்வளவு விரிந்த வம்சாவளிக்குச் செம்பில் இடம் இருந்தது. அந்த ஊரை உழுத குடிகளின் பெயரைச் சொல்ல இடம் ஒதுக்கப்படவில்லை.

ஆயிரத்து இருநூறு ஆண்டு கழித்து, உழுதவன் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அரசனுக்கு இருந்த அதே ஆசை வந்திருக்கிறது. கோட்டுச்சேரி, நெடுங்காடு, நிரவிப் பக்கம் வயலைக் குத்தகைக்கு விட்டோ விற்றோ சென்னைக்கும் பாரிசுக்கும் போன குடும்பங்களின் மூன்றாம் தலைமுறை, “நாம் யார் வழி?” என்று கேட்கிறது. தாத்தா பெயர் தெரியும். அவருடைய அப்பா பெயரும் பெரும்பாலும் தெரிந்துவிடும். அதற்கு மேலே போனால், “அவரு பேரு என்னமோ சொல்லுவாங்க” என்ற இடத்தில் பேச்சு நின்றுவிடுகிறது.

இங்கிலாந்தின் வடக்கே, யார்க்‌ஷயர் பள்ளத்தாக்குகளில் ஆடு மேய்த்து ஓட்ஸ் விதைத்த குடியானவனின் வாரிசுக்கு இந்தச் சிக்கல் குறைவு. 1538-இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல், ஒவ்வொரு பங்குக் கோயிலிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைக்க உத்தரவிட்டார். குடியானவர்கள் மேல் பாசம் பொங்கி அவர் இதைச் செய்யவில்லை. இது வரி போடுவதற்கான சூழ்ச்சி என்றுதான் அன்றைய மக்கள் சந்தேகப்பட்டார்கள். 1837-இல் அரசே பிறப்பையும் இறப்பையும் பதியத் தொடங்கியது. 1841 முதல் மக்கள்தொகைக் கணக்கு வீடுவாரியாக, பெயரோடு இருக்கிறது. நூறு ஆண்டு முடிந்ததும் அந்தத் தாள்களைத் திறந்துவிடுகிறார்கள். 1921-ஆம் ஆண்டுக் கணக்கு 2022 ஜனவரியில் பொதுமக்கள் கைக்கு வந்தது. நம் நாட்டிலும் 1872-இலிருந்து தலை எண்ணுகிறார்கள். ஆனால் தனியாள் விவரத்தை யாரும் பார்வையிட முடியாது என்கிறது 1948-ஆம் ஆண்டுச் சட்டம். தாத்தாவை எண்ணியிருக்கிறார்கள். எண்ணிக்கைதான் நமக்குக் கிடைக்கும், தாத்தா கிடைக்க மாட்டார்.

இன்னொன்றும் உண்டு. இங்கிலாந்துக்காரர்களுக்குக் குடும்பப் பெயர் நானூறு ஆண்டு மாறாமல் ஓடுகிறது. நமக்கு முன்னெழுத்து, அது ஒரு தலைமுறைக்கு மேல் வாழாது. அதற்கு ஈடாக நம்மிடம் இருந்த ஏற்பாடு ‘பேரன்’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. பெயரன்தான் பேரன், தாத்தாவின் பெயரைச் சுமப்பவன். ராமசாமி மகன் கோவிந்தசாமி, கோவிந்தசாமி மகன் ராமசாமி, அவன் மகன் மறுபடி கோவிந்தசாமி. வீட்டில் மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது என்று மருமகள் பேரனை ‘தம்பி’ என்றே கூப்பிட்டு வளர்த்திருப்பாள். பழம்பத்திரத்தில் 1860-இல் ஒரு ராமசாமியும் 1910-இல் ஒரு ராமசாமியும் வந்தால், அது தாத்தாவும் பேரனுமா, ஒரே ஆள் கிழமானாரா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதுதான். (பரன், பரை என்று ஏழு தலைமுறைக்குப் பெயர் சொல்லி, ‘பரம்பரை’ அதிலிருந்து வந்தது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. நம்ப வேண்டாம், அது வடசொல். பாட்டன், பூட்டன், ஓட்டன் வரை போதும். அவ்வளவு தூரம் பெயர் தெரிந்தாலே பெரிய விஷயம்.)

காகிதத்துக்கு முன் இருக்கும் பதிவேடு குலதெய்வம். எங்கள் பக்கம் கல்யாணப் பேச்சு எடுத்தால், “குலதெய்வம் எங்கே?” என்று கேட்காமல் இருக்க மாட்டார்கள். வைத்தீஸ்வரன் கோயில் என்று பதில் வந்தால் ஆராய்ச்சிக்குப் பெரிய உதவி இல்லை; பாதி டெல்டாவுக்கு அதுதான் பதில். ஏதோ ஒரு வரப்போரத்து அய்யனார், பெயர் தெரியாத ஒரு வீரன் என்று சொன்னால் கதவு திறக்கிறது. அந்தக் கோயிலுக்கு வருஷப் படையல் போட வருகிற பங்காளிகளைப் பிடித்தால், பிரிந்துபோன கிளைகள் தெரியும். பிடிமண் எடுத்து வந்து புது ஊரில் கோயில் கட்டியிருந்தால், மண் எங்கிருந்து வந்தது என்பது நம் முன்னோர் எங்கிருந்து கிளம்பினார்கள் என்பதற்குச் சாட்சி. ஆனால் இந்தப் பதிவேடு அப்பன் வழியை மட்டும்தான் பேசும். அம்மாச்சியின் அம்மா பெயரை எந்த அய்யனாரும் காப்பாற்றி வைக்கவில்லை.

பிறகு வருவது காகிதம். இந்தக் கரையில் அதற்குப் பஞ்சமில்லை. நாகப்பட்டினத்தில் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர்கள். தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை டென்மார்க் கொடி. 1706-இல் சீகன்பால்கு வந்து இறங்கிய மறு ஆண்டே ஞானஸ்நானப் பதிவுகள் தொடங்கின. நடுவில் காரைக்கால்: 1739-இல் தஞ்சாவூர் மராட்டிய அரசிடமிருந்து பிரெஞ்சுக் கம்பெனி வாங்கியது. வாங்கிய பிறகும் ஆங்கிலேயர் பலமுறை பிடித்துக்கொண்டு, 1817-இல்தான் கடைசியாகத் திருப்பிக் கொடுத்தார்கள். கோட்டுச்சேரியிலிருந்து நாகப்பட்டினத்துக்கோ தரங்கம்பாடிக்கோ சைக்கிளில் போய்விட்டு அன்றே வீடு திரும்பலாம். காரைக்காலுக்கு வடக்கு எல்லையாக ஓடும் நண்டலாற்றுக்கு இந்தக் கரையில் நிலம், அந்தக் கரையில் பெண் எடுத்த வீடு, தெற்கே நாகூரில் நெல் வியாபாரம் என்று வாழ்ந்த ஒரு சாதாரணக் குடும்பத்தின் தடயங்கள் இன்று கோபன்ஹேகனிலும் ஹேக்கிலும் லண்டனிலும் பிரான்சிலும் சிதறிக் கிடக்கலாம். ஆற்றைக் கடந்ததைத் தவிர அவர்கள் எந்த எல்லையையும் கடந்ததாக நினைத்திருக்க மாட்டார்கள்.

பிரெஞ்சுக்காரர்களுக்கு ஒரு நல்ல பயம் இருந்தது. காலனி நாடுகளின் வெப்பமும் பூச்சியும் தாளைத் தின்றுவிடும் என்று, பதிவேடுகளுக்கும் நோட்டரி பத்திரங்களுக்கும் ஒரு பிரதி எடுத்து வெர்சாய்க்கு அனுப்ப வேண்டும் என 1776 ஜூனில் பதினாறாம் லூயி ஆணையிட்டார். கரையானுக்குப் பயந்த ஓர் அரசன் இருந்ததால்தான் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் ஆவணக் காப்பகத்தில் இன்று பழைய காலனிகளின் பதிவுகளைத் தேட முடிகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிறப்பு, இறப்புப் பதிவு உள்ளூர் மக்களுக்கும் பரவியது. குழந்தை பிறந்தால் தகப்பன் பெயரோடு தாயின் பெயரையும் எழுதினார்கள். நிலப் பத்திரத்திலும் குலதெய்வக் கோயிலிலும் காணாத அம்மாச்சியின் அம்மா, ‘மேரி’ எனும் நகராட்சி அலுவலகப் பதிவேட்டில் ஒரு வரியில் இருப்பாள். 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணைப்படி, தங்கள் சாதி வழக்காறுகளைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் குடும்பப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். புதுச்சேரி வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை லாபோர்த் ஆனார். அப்படிப் பெயர் வைத்துக்கொண்ட குடும்பங்களைத் தேடுவது எளிது. மற்றவர்களுக்கு மறுபடி ராமசாமி, கோவிந்தசாமி.

இந்தக் காகிதங்களை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது என்னை நிறுத்துகிற ஆண்டு 1854. அந்த ஆண்டு ஜனவரி 16-ஆம் தேதி ஆணை, வரி கட்டி நிலத்தை அனுபவித்து வந்தவர்களை முழு உரிமையாளர்களாக ஏற்றது. மிராசுதாரின் பெயர் அசைக்க முடியாமல் காகிதத்தில் உட்கார்ந்தது. அதே ஆண்டு டிசம்பர் கடைசியில், நம் கரையோரத்துப் பிரெஞ்சுத் துறைமுகங்களிலிருந்து ஆள் ஏற்றிக்கொண்டு போன ‘ஒரேலி’ என்ற கப்பல் கரீபியக் கடலில் குவாதலூப் தீவை அடைந்தது. அதில் 344 பேர். முந்தைய ஆண்டு மே மாதம் அதே கப்பல் மார்த்தினிக்குக்கும் ஆள் கொண்டுபோயிருந்தது. 1848-இல் அடிமைமுறையை ஒழித்த பிரான்சுக்குக் கரும்பு வெட்டக் கை வேண்டியிருந்தது. கடன்பட்டவன், பஞ்சத்தில் நிலத்தை விட்டவன், என்றைக்குமே நிலம் இல்லாத பண்ணையாள் ஆகியோரை மேஸ்திரிகள் காரைக்கால் துறைக்குக் கூட்டி வந்தார்கள். 1889 வரை குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42,000 பேர்.

இதில் ஒரு கொடுமையான வேடிக்கை இருக்கிறது. ஒப்பந்தக் கூலியைக் காசு கொடுத்து எடுத்த தோட்டக்காரனுக்குக் கணக்கு வேண்டும். அதனால் அவனுக்கு ஓர் எண் கொடுத்து, பெயர், வயது, கப்பல், பல நேரங்களில் பெற்றோர் பெயர், பிறந்த ஊர் எல்லாம் எழுதிக்கொண்டார்கள். அந்தக் கூலியின் கொள்ளுப்பேத்தி இன்று குவாதலூப்பின் பாஸ்தேரில் உட்கார்ந்து, தன் கொள்ளுத்தாத்தாவின் பெயரையும் அவனுடைய அப்பன் பெயரையும் கண்டுபிடிக்க முடிகிறது. அதே ஊரில், அதே சேரியில், கப்பல் ஏறாமல் தங்கிய அண்ணனுக்கு? அவன் பண்ணையார் வீட்டு நெல் கணக்கில் ஒரு படியாகவும் மரக்காலாகவும் மட்டும் இருந்தான். நிலம் இல்லாததால் பத்திரம் இல்லை. கடன் வாய்ச்சொல்லில் நடந்தது. பிறப்புப் பதிவு அவன் குடிசை வரை எட்டிய பிறகுதான் அவன் வழியில் பெயர்கள் தொடங்குகின்றன. நிலம் வைத்திருந்தவனையும் விலைபோனவனையும் காகிதம் ஞாபகம் வைத்திருக்கிறது. நடுவில் நின்று டெல்டாவுக்குச் சோறு போட்டவனை மறந்துவிட்டது. பூர்வீகம் தேடுவதை ஓய்வுக்கால விளையாட்டாக நினைக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். யாருக்குப் பூர்வீகம் கிடைக்கிறது என்பதில் நம் ஊரின் முழு நிலச் சரித்திரமும் இருக்கிறது.

போனவர்களின் பதிவும் சுத்தமில்லை. பிரெஞ்சுக் குமாஸ்தாவின் காது கேட்டபடி எழுத்து. வீரப்பன் விராப்பின் ஆனார், நாகப்பன் நாகாப்பின் ஆனார், தீவில் அதுவே பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராகவும் ஒட்டிக்கொண்டது. சிதம்பரம் என்ற பெயர் அப்படித்தான் அங்கே நிலைத்தது. 1863-இல் குவாதலூப்பில் பிறந்த ஆன்ரி சிதம்பரம், இந்திய வம்சத்தவருக்கும் வாக்குரிமை வேண்டும் என்று 1904-இல் தொடங்கி 1923-இல் வெற்றி பெறும்வரை போராடினார். பூர்வீக ஊரிலும் ஒரு கண்ணி உண்டு. கப்பல் ஏறிய இடம் காரைக்கால் என்று எழுதியிருந்தால், ஆளும் காரைக்கால் என்று நினைத்து வருகிறார்கள். பெரும்பாலானவர்கள் அப்போதைய ஆங்கிலேயத் தஞ்சாவூர், திருச்சி, தென்னார்க்காடு ஜில்லாக்களிலிருந்து நடந்து வந்தவர்கள். காரைக்கால் அவர்களுக்கு ஊரில்லை, துறை.

இந்தியாவோடு இணைந்த பிறகு பிறப்புப் பதிவுக்கு வேறு மதிப்பு வந்தது. 1956 மே 28-இல் கையெழுத்தாகி 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை, இந்த மண்ணில் பிறந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றது. எழுதிக் கொடுத்த தாத்தா, கொடுக்காத தாத்தா என்று பங்காளி வீடுகள் இரண்டாகப் பிரிந்தன. ஒரு வீட்டுப் பேரனுக்குப் பாரிஸ் விமானம், அடுத்த வீட்டுப் பேரனுக்கு விசா வரிசை. தாத்தாவின் பிறப்புப் பதிவைத் தேடி அலைவது எங்கள் பக்கம் வெறும் ஏக்கத்தால் தொடங்கியதில்லை.

கோட்டுச்சேரிமேட்டை மறந்துவிட்டு வயலையே பேசிக்கொண்டிருக்கிறேன். கோட்டுச்சேரி நெல் விளையும் ஊர். கோட்டுச்சேரிமேடு அதன் கிழக்கே கடலோர மணல்மேட்டில் இருக்கும் மீனவர் ஊர். காசாக்குடிக்குக் காசாக்குடிமேடு, காரைக்காலுக்குக் காரைக்கால்மேடு என்று ஊருக்கு ஒரு மேடு. பட்டாவில் எக்டேர், ஆர் என்று பிரெஞ்சு அளவு எழுதியிருந்தாலும் வயற்காரர் வாயில் இன்னும் குழியும் மாவும்தான். கடலுக்கு அந்த அளவும் இல்லை, பட்டாவும் இல்லை. மேட்டுக் குடும்பங்களின் பெயர் பஞ்சாயத்தார் திருவிழா வரிக்காக எழுதிய தலைக்கட்டுக் கணக்கில்தான் இருந்தது. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் உள்ளே வந்தபோது மனிதர்களோடு தகரப்பெட்டிகளும் போயின. பெட்டிக்குள் குடும்ப அட்டையும் கல்யாண போட்டோவும் பழைய கணக்கு நோட்டும் இருந்த வீடுகள் உண்டு.

கொம்யூன் அலுவலகங்களிலும் நோட்டரி அலமாரிகளிலும் இருக்கும் பழைய பதிவேடுகள் ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் கொஞ்சம் நமுத்துப்போகின்றன. அவற்றைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, தமிழ்ப் பெயராலும் தேடும்படி பொதுவில் வைப்பதைப் புதுச்சேரி அரசு ஒரு வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும். பிரான்சிலுள்ள பிரதிகளையும் கேட்டு வாங்கி இதோடு சேர்க்கலாம். பதினாறாம் லூயியால் முடிந்தது நம்மால் முடியாதா?

வாசகருக்கும் ஒரு வேலை. வரும் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அப்பாயியிடமும் அம்மாச்சியிடமும் அவர்களுடைய அம்மாவின் பெயரையும் பிறந்த ஊரையும் கேட்டு, தேதி போட்டு எழுதி வையுங்கள். ரியூனியன் தீவிலிருந்தோ குவாதலூப்பிலிருந்தோ யாராவது ஒரு பழைய தாளோடு வந்து, நாக்கில் புரளாத ஓர் ஊர்ப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் சிரிக்காமல் இரண்டு தடவை சொல்லச் சொல்லுங்கள். நம் பக்கம் அப்படி ஓர் ஊர் இல்லையென்றால், நண்டலாற்றுக்கு அந்தப் பக்கம் விசாரித்துப் பாருங்கள்.