வான்கோழிக்கு ஒரு வக்காலத்து

தமிழர் நாம் ஒரு பறவையை விடாமல் அவமதித்து வந்திருக்கிறோம் என்றால் அது வான்கோழியைத்தான். காடைக்கும் கௌதாரிக்கும் இல்லாத கெட்ட பெயரை அதற்கு வாங்கித் தந்தது மூதுரையின் ஒரு வெண்பா. கல்லாதவன் கவி சொல்ல முற்படுவதை, மயிலாட்டம் கண்டு தானும் ஆட முனைந்த வான்கோழியோடு ஒப்பிடும் அந்தப் பாடலை, பிறர் வாயை அடைக்கும் ஆயுதமாக்கியவர்கள் தமிழாசிரியர்களாகிய நாம் என்பதே இக்கட்டுரையின் குற்றச்சாட்டு.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜகுளத்திலிருந்து குடும்பத்தோடு எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தோம். 1851இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்தின் பறவைக் கூடத்தில் பேச்சு மயிலுக்குத் தாவ, பழக்க தோஷத்தில் அந்த வெண்பாவைச் சொன்னோம். ஏழாம் வகுப்பில் படிக்கும் மகள் கேட்டாள்: "வான்கோழி மயிலப் பார்த்துதான் ஆடுதுன்னு யாருப்பா பார்த்தாங்க?" நம்மிடம் விடை இல்லை.

வீடு திரும்பித் தேடிப் படித்தோம். வான்கோழி அமெரிக்கக் கண்டத்துப் பறவை. மெக்சிகோப் பகுதியின் தொல்குடிகள் பழக்கி வளர்த்த அது, 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் வழியே ஐரோப்பா சென்று, பின்னரே கடல்வழியாக நம் கரைக்கு வந்தது. 1612இல் கோவாவிலிருந்து முகர்ரப் கான் கொண்டுவந்த வான்கோழியைக் கண்டு வியந்த ஜஹாங்கீர், அதன் தலையும் கழுத்தும் கணத்துக்குக் கணம் நிறம் மாறுவதைத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்தார். அரசவை ஓவியர் மன்சூர் அதை வரைந்தார்.

அப்படியானால், சோழர் காலத்து ஔவையார் பாடியது என்று நாம் நடத்தும் பாடலுக்குள் இப்பறவை எப்படி வந்தது? ஒன்று, பாடல் பிற்காலத்தது. அல்லது, அங்கே வான்கோழி எனப்பட்டது வேறொரு பறவை. எதுவாயினும் இக்கேள்வியை நாம் மாணவர் முன் வைத்ததே இல்லை. கல்லாதவனைச் சாடும் பாடலைக் கல்லாமலேயே நடத்தி வந்திருக்கிறோம்!

எங்கள் ஊரில் பக்கத்துத் தோப்பில் வான்கோழி வளர்க்கிறார்கள். மறுநாள் மாலை மகளோடு போய்ப் பார்த்தோம். அருகில் மயில் எதுவும் இல்லை. சேவல் வாலை விசிறியாக விரித்து, சிறகுகளைத் தரையுரசத் தாழ்த்தி, முகம் நீலமும் சிவப்புமாக மாற, பெட்டைகளைச் சுற்றி வந்தது. மயிலே இல்லாத காடுகளில் அதன் முன்னோர் ஆடிய ஆட்டம் அது. எவரைப் பார்த்தும் கற்றதன்று. இன்னொரு செய்தி: மயில் விரிக்கும் தோகை அதன் வாலன்று, வாலுக்கு மேல் மூடிக் கிடக்கும் நீண்ட இறகுகள். வாலையே விரித்து ஆடுவது வான்கோழிதான்.

இதில் பறவைக்கு நட்டம் ஒன்றுமில்லை. நட்டம் மனிதர்களுக்கு. சில ஆண்டுகளுக்கு முன், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய மாணவி ஒருத்தி, தான் எழுதிய கவிதை நோட்டைத் துறைக்குக் கொண்டுவந்தாள். மூத்த ஆசிரியர் ஒருவர் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு அந்த வெண்பாவைச் சொன்னார். அறை சிரித்தது. நாமும் சிரித்தோம். அவள் நோட்டை மூடிக்கொண்டாள். அதன்பின் எதையும் எங்களிடம் காட்டவில்லை.

பாடல் போலிகளைத்தானே கண்டிக்கிறது என்பார்கள் நண்பர்கள். போலி எது, பயிற்சி எது என்று முதல் பக்கத்திலேயே எப்படித் தெரியும்? பார்த்துச் செய்யாமல் எவரும் எதையும் கற்றதில்லை. மூதுரையையே ஆசிரியர் சொல்லச் சொல்ல, திருப்பிச் சொல்லித்தானே கற்றோம்? கற்றவர் யார் என்று வரையறுக்கும் உரிமை என்றும் சிலர் கையிலேயே இருந்திருக்கிறது. எங்கள் உத்திரமேரூரின் 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு, குடவோலையில் பெயர் எழுதப்படவே நிலமும் வேதக் கல்வியும் வேண்டும் என்றது. குடவோலையைப் பெருமையோடு பேசும் நாம், அந்த ஓலையில் எழுதப்படாத பெயர்களைப் பற்றிப் பேசுவதில்லை.

மூதுரையைப் பாடத்திலிருந்து நீக்குங்கள் என்று கேட்கவில்லை. நடத்தும்போது பறவையின் கதையையும் சேர்த்து நடத்துவோம். அடுத்த முறை ஒரு நோட்டு நம் மேசைக்கு வரும்போது, வெண்பாவைச் சொல்லும் முன் இரண்டாம் பக்கத்தையும் படிப்போம்.