திறந்துவிட்டதா, திறந்து வைத்திருக்கிறதா?

“எல்லாம் சரியாகிவிட்டது, இனியும் இந்தக் கருவி எதற்கு?”

உறக்க மூச்சுத்தடைக்குச் சிகிச்சை பெறுவோரிடம், சிகிச்சை நன்கு பலன் தரத் தொடங்கிய சில மாதங்களில் எழும் கேள்வி இது. சிலர் மருத்துவரிடம் கேட்கின்றனர். வேறு சிலர் தமக்குள்ளேயே கேட்டு, தாமே விடை கூறி, கருவியை அலமாரிக்குள் வைத்துவிடுகின்றனர். இக்கேள்வியை அறியாமை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அது நியாயமன்று. காய்ச்சல் தணிந்ததும் மருந்து நிற்கிறது. எலும்பு கூடியதும் மாவுக்கட்டு பிரிக்கப்படுகிறது. நோய் என்பது வந்து போவது, சிகிச்சை என்பது அதைப் போக்குவது என்ற அனுபவத்தில் வளர்ந்த மனம், குறட்டை ஓய்ந்து, காலைத் தலைவலி நீங்கி, பிற்பகலில் கண் செருகுவதும் நின்றுபோனால் ‘போதும்’ என்று முடிவு செய்வது இயல்பே. அந்த முடிவு இந்த நோய்க்கு ஏன் பொருந்தாது என்பதுதான் விளக்கப்பட வேண்டியது.

இந்தியாவைப் பொறுத்தவரை இது சிறுபான்மையினரின் கேள்வியும் அன்று. தில்லி எய்ம்ஸ் ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, உழைக்கும் வயதிலுள்ள இந்தியர்களில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் இருக்கலாம் என மதிப்பிட்டது. 2022 பிப்ரவரியில் இசையமைப்பாளர் பப்பி லஹிரி மும்பையில் மறைந்தபோது, காரணங்களுள் ஒன்றாக மருத்துவர்கள் இந்நோயைக் குறிப்பிட்டனர். ‘ஸ்லீப் ஆப்னியா’ என்ற சொல்லைப் பல வீடுகள் அன்றுதான் முதன்முறையாகச் செய்தித்தாளில் படித்திருக்கும். கிரேக்கத்தில் அச்சொல்லின் மூலப்பொருள் மூச்சின்மை என்பதே. உறக்கத்தில் பத்து நொடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்கிறது, இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது, மூளை திடுக்கிட்டு உறங்குபவரை அரைகுறையாக எழுப்புகிறது, மூச்சு மீள்கிறது, மீண்டும் நிற்கிறது. கடும் நோயில் இது ஒரு மணி நேரத்தில் முப்பது முறைக்கு மேல் நிகழும். உறங்குபவருக்கோ காலையில் எதுவும் நினைவிருப்பதில்லை.

அடைபடும் இடம் தொண்டை. மனிதத் தொண்டையின் மேற்பகுதிக்கு மூக்கைப் போலவோ மூச்சுக்குழாயைப் போலவோ எலும்பு, குருத்தெலும்புச் சட்டகம் இல்லை. தசைகளே அதைத் திறந்து வைத்திருக்கின்றன. குரல்வளை கீழிறங்கி, நாவின் அடிப்பகுதி தொண்டைக்குள் அமைந்து, அப்பாதை நெகிழ்வானதாக மாறியதால்தான் மனிதனால் இத்தனை ஒலிகளைப் பிரித்து ஒலிக்க முடிகிறது. அதே நெகிழ்வே உறக்கத்தில் அது மடிந்து அடைபடவும் இடமளிக்கிறது என்று டெரன்ஸ் டேவிட்சன் 2003-இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார். அதை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், உடற்கூற்றின் செய்தி தெளிவானது. இது வெளியிலிருந்து வந்து தொற்றிய ஒன்றன்று. ஒருவரது தொண்டையின் அமைப்பு, தாடையின் அளவு, கழுத்தைச் சுற்றிய கொழுப்பு, உறக்கத்தில் தளரும் தசை ஆகியவை சேர்ந்து ஒவ்வோர் இரவும் புதிதாக உண்டாக்கும் நிலை இது.

இதற்கான முதன்மைச் சிகிச்சையான சிபாப் கருவியின் வரலாறும் இதையே சொல்கிறது. அதற்கு முன்பு கடுமையான நோயாளிகளுக்கு இருந்த வழி, கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு மாற்றுப்பாதை அமைப்பது. 1981-இல் சிட்னியில் காலின் சல்லிவனும் உடனுழைத்தோரும், மூக்கின் வழியே தொடர்ந்து மெல்லிய காற்றழுத்தம் செலுத்தினால் தொண்டை மடியாமல் நிற்கிறது என்பதை ஐந்து நோயாளிகளிடம் காட்டினர். அந்தக் காற்று மருந்தன்று. அது தொண்டைத் தசையை வலுவாக்குவதில்லை, தாடையை விரிப்பதில்லை, கொழுப்பைக் கரைப்பதில்லை. உள்ளிருந்து முட்டுக்கொடுக்கிறது, அவ்வளவே. முட்டுக்கால் நன்றாகத் தாங்குகிறது என்பது, முட்டுக்காலை உருவிவிடுவதற்கான காரணம் ஆகாது.

இந்த இடத்தில் மொழி கவனிக்கத்தக்க ஒன்றைக் காட்டுகிறது. தமிழில் ‘சரியாகிவிட்டது’ என்பதிலுள்ள ‘விடு’ என்னும் துணைவினை, செயல் முற்றுப்பெற்றது, இனி அதில் செய்வதற்கு ஏதுமில்லை என்ற பொருளைத் தருகிறது. இந்தியில் ‘டீக் ஹோ கயா’ என்பதும் தெலுங்கில் ‘தக்கிப்போயிந்தி’ என்பதும் ‘போ’ என்னும் பொருளுள்ள வினையைத் துணையாகக் கொண்டு ஏறக்குறைய அதையே செய்கின்றன. மொழிக்குடும்பம் வேறாயினும் இந்நாட்டு நோயாளிகள் நலமடைந்ததைச் சொல்ல எடுக்கும் வடிவம் முற்றுப்பெறுதலின் வடிவமாகவே இருக்கிறது. ஆனால் தமிழிலேயே வேறொரு வடிவமும் உண்டு. தானே மூடிக்கொள்ளும் சுருள்வில் கதவு ஒன்றைக் கற்பனை செய்யலாம். ஒருவர் அதைத் ‘திறந்துவிட்டார்’ என்றால் அவர் வேலை முடிந்தது; போய்விடலாம். ‘திறந்து வைத்திருக்கிறார்’ என்றால், அவர் கை அங்கே இருக்கும்வரைதான் கதவு திறந்திருக்கும். சிபாப் கருவி மூச்சுப்பாதையைத் திறந்துவிடுவதில்லை; திறந்து வைத்திருக்கிறது.

மொழிதான் நோயாளியை ஏமாற்றுகிறது என்பதன்று இதன் பொருள். இரு வடிவங்களும் மொழியில் இருக்கின்றன. மருத்துவ அறையில் பொருத்தமான வடிவத்தை யாரும் எடுத்துத் தருவதில்லை என்பதே குறை. ‘உங்களுக்கு நன்றாகிவிட்டது’ என்று மகிழ்ச்சியோடு சொல்லி அனுப்பும் மருத்துவரும், ‘இனி எதற்கு?’ என்று கேட்கும் நோயாளியும் ஒரே இலக்கணத்தில்தான் பேசுகின்றனர்.

கையை எடுத்தால் கதவு எவ்வளவு விரைவில் மூடும்? சூரிச்சில் நடந்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. சிகிச்சையால் நலமாயிருந்த 41 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழு சிகிச்சையைத் தொடர்ந்தது. மற்றொரு குழுவுக்கு இரண்டு வாரம் பயனற்ற அளவுக்குக் குறைந்த அழுத்தமே தரப்பட்டது. சில நாள்களுக்குள் மூச்சுத்தடை மீண்டது. பகல் உறக்கம் மீண்டது. காலை நேர மேல் இரத்த அழுத்தம் சராசரியாக எட்டுப் புள்ளிகளுக்கு மேல் உயர்ந்தது. ஆனால் அந்த இரண்டு வாரத்தில், கவனத்தையும் செயல்வேகத்தையும் அளக்கும் சோதனைகளில் குறிப்பிடத்தக்க சரிவு தென்படவில்லை. நோயாளிகள் ஏமாறும் இடம் இந்த இடைவெளிதான். கருவியை நிறுத்திய ஒருவர் மறுநாளும் அடுத்த வாரமும் வழக்கம்போல் வேலை பார்க்கிறார். முகமூடியின் தொல்லை இல்லாததால் முன்னைவிட நிம்மதியாக உறங்கியதாகவும் தோன்றுகிறது. உடலின் கணக்கு வேறு ஏட்டில் எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது.

இன்னொரு மயக்கத்தைக் கருவியே உண்டாக்குகிறது. மணிக்கு எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்பதைக் காட்டும் ஏ.எச்.ஐ. குறியீடு ஒவ்வொரு காலையும் திரையிலோ கைபேசியிலோ தெரிகிறது. சிகிச்சைக்கு முன் நாற்பது, இன்று இரண்டு. ஐந்துக்குக் கீழ் என்றால் இயல்பு என்று படித்தவர், தம் நோய் நீங்கியதாகவே அதை வாசிக்கிறார். ஆனால் அந்த இரண்டு, கருவி இயங்கும்போது எடுத்த அளவு. கருவியின்றி அவர் தொண்டை எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை. மூக்குக்கண்ணாடி அணிந்து எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படித்தவர், பார்வைக் குறை நீங்கியதென்று கண்ணாடியைக் கழற்றி வைப்பதில்லை.

எனில் நிறுத்தவே கூடாதா? நிறுத்தலாம், ஆனால் ‘சிகிச்சை பலன் தருகிறது’ என்பது அதற்குக் காரணமாக இருக்க முடியாது. ‘நோயின் காரணம் மாறியிருக்கிறது’ என்பதே காரணமாக வேண்டும். உடல் எடை கணிசமாகக் குறைந்திருக்கலாம். அடைப்பை அறுவைச் சிகிச்சை அகற்றியிருக்கலாம். பெருத்த டான்சில் அகற்றப்பட்ட குழந்தைகள் பலருக்கு இப்படி நல்ல முன்னேற்றம் கிடைக்கிறது. பருமனுள்ளவர்களின் மிதமான, கடுமையான மூச்சுத்தடைக்கு டிர்செபடைடு என்னும் ஊசிமருந்தை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 டிசம்பரில் ஏற்றபின், இந்த வாசல் முன்னிலும் அகலமாகியிருக்கிறது.

இங்கும் கணக்குப் பார்க்க வேண்டும். எடையில் பத்து விழுக்காடு குறைந்தால் ஏ.எச்.ஐ. சராசரியாக 26 விழுக்காடு குறையும் என 2000-இல் வெளியான விஸ்கான்சின் ஆய்வு மதிப்பிட்டது. எண்பது கிலோ எடையுள்ளவர் எட்டுக் கிலோ குறைப்பது பெருமுயற்சி. அதன் பயனாக நாற்பது என்ற குறியீடு ஏறத்தாழ முப்பதாகும். முப்பது என்பது கடும் நோயின் எல்லைக்கோடு. முயற்சி வீணன்று, ஆனால் அது மட்டுமே விடுதலைப் பத்திரமும் அன்று. காரணம் மாறியதா என்பதை உணர்வு சொல்லாது, உடை தளர்ந்திருப்பதும் சொல்லாது. மருத்துவரின் மேற்பார்வையில், கருவியின்றி உறங்கி எடுக்கும் பரிசோதனைதான் சொல்லும். எடை மீண்டும் ஏறினால் அந்த விடையும் மாறும்.

எதிர்வாதம் ஒன்றையும் மறைக்கலாகாது. இதய நோயோ மூளைப் பக்கவாதமோ ஏற்கெனவே உள்ள 2,717 பேரிடம், இந்திய மையங்களும் பங்கேற்று நடந்த ‘சேவ்’ ஆய்வு 2016-இல் வெளியானது. புதிய மாரடைப்பையோ பக்கவாதத்தையோ சிபாப் குறைத்ததாக அதில் தெரியவில்லை. ‘பிறகு ஏன் சுமக்க வேண்டும்?’ என்று கேட்பதற்கு இது வலுவான சான்று. ஆயினும் அந்த ஆய்வில் கருவி ஓர் இரவில் சராசரியாக 3.3 மணி நேரமே பயன்பட்டது. பகலில் கடுமையாக உறக்கம் வருவோர் அதில் சேர்க்கப்படவும் இல்லை. அவ்வளவு பயன்பாட்டிலும் உறக்கக் கலக்கம் குறைந்தது, மனநிலையும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டன. ஆகவே இலேசான நோயும் பகலில் எந்தத் தொல்லையும் இல்லாத ஒருவர், கருவி தமக்குத் தேவைதானா என்று மருத்துவரோடு விவாதிக்க முழு உரிமை உடையவர். இரவில் பேருந்து ஓட்டும் ஒருவருக்கு அதே விடை பொருந்தாது. அவர் உறக்கத்தின் விலையை அவர் மட்டும் கொடுப்பதில்லை.

கடைசியாக, ‘சரியாகிவிட்டது’ என்ற சொல்லுக்குப் பின்னால் சில வேளைகளில் சொல்லப்படாத வேறு காரணங்கள் ஒளிந்திருக்கும். முகமூடி மூக்கை அறுக்கிறது, வாய் வறள்கிறது, மின்சாரம் போகும் இரவுகளில் கருவி வெறும் பெட்டி, புதிதாக மணமானவருக்குக் கூச்சம், விடுதி அறையைப் பகிர்ந்துகொள்ளும் மாணவருக்குக் கேலி பற்றிய அச்சம். கருவிக்குப் பல பத்தாயிரம் ரூபாய் ஆகிறது. முகமூடியையும் வடிகட்டியையும் அவ்வப்போது மாற்ற வேண்டும். மத்திய அரசு ஊழியர்களுக்கான நலத்திட்டத்தில் ஒரு வரம்பு வரை தொகை திரும்பக் கிடைக்கிறது. தனியார் காப்பீட்டை நம்பியிருப்போருக்குப் பெரும்பாலும் அதுவும் இல்லை. இவற்றைச் சொல்லிப் புலம்புவதைவிட ‘நலமாகிவிட்டேன்’ என்று சொல்லி நிறுத்துவது கௌரவமாக இருக்கிறது. அவருக்குத் தேவைப்படுவது கண்டிப்பன்று. மூக்குக்குப் பொருந்தும் வேறொரு முகமூடி, குறைந்த அழுத்தம், பற்களில் பொருத்தித் தாடையை முன்தள்ளும் சிறு சாதனம், பக்கவாட்டில் படுக்கும் பழக்கம் என மாற்று வழிகள் இருக்கின்றன. ‘ஏன் நிறுத்த நினைக்கிறீர்கள்?’ என்று பொறுமையாகக் கேட்டால்தான் அவற்றுள் எது அவருக்குப் பொருந்தும் என்பது தெரியவரும்.

மருத்துவர்கள் ஒரு சிறு மாற்றத்தைச் செய்து பார்க்கலாம். ‘உங்களுக்குச் சரியாகிவிட்டது’ என்பதற்குப் பதிலாக ‘கருவி உங்கள் மூச்சுப்பாதையைத் திறந்து வைத்திருக்கிறது’ என்று சொல்லலாம். அதைக் கேட்டவர் ‘இனி எதற்கு?’ என்று கேட்பதை விட்டு, ‘கருவி இல்லாமல் அது திறந்திருக்குமா? எப்போது சோதித்துப் பார்க்கலாம்?’ என்று கேட்பார். முதல் கேள்விக்குப் பெரும்பாலும் அலமாரியே விடையாகிறது. இரண்டாவது கேள்விக்கு ஒரு பரிசோதனை விடை தர முடியும்.