துணையும் நடையும்

நோய் நீங்கும் நாளும் வலிமை மீளும் நாளும் ஒன்றல்ல. சென்ற ஆண்டு குடற்காய்ச்சலால் மூன்று வாரம் படுக்கையிற் கிடந்தேன். படுத்தே கிடப்பின் தசைகள் மெலியும். நெஞ்சின் ஆற்றலும் குன்றும். இதனை எண்ணாது, எழுந்த சின்னாளில் பண்டுபோல் 3 கிலோமீட்டர் நடக்கப் புகுந்தேன். பாதி வழியிற் கால்கள் தள்ளாடின. அயலார் திண்ணையொன்றில் அமர்ந்துவிட்டேன். அதன்பின் தளர்ச்சியினும் நாணமே என்னை வீட்டில் இருத்தியது.

என்னுடன் நாள்தோறும் நடக்கும் நண்பர் இருவர் இல்லம் தேடி வந்தனர். "தெருமுனை வரை போய் வருவோம், ஐயா" என்றனர். என் பொருட்டுத் தம் நடையைக் குறுக்கிக்கொண்டனர். நாள்தோறும் சிறிது நீட்டினோம்; ஆறாம் வாரத்தில் பழைய தொலைவை எய்தினேன். உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் வெளியிட்ட நெறிமுறையும், உடலியக்கத்தைச் சிறிதளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துமாறே கூறுகின்றது.

மாணவர்களே! நோயுற்ற தோழன் ஆடுகளத்திற்கு மீளுங்கால், "இவ்வளவுதானா?" என எள்ளாதீர்கள், "இன்னும் ஓடு" என விரட்டவும் வேண்டா. மருத்துவரின் இசைவு உண்டா எனக் கேட்டறிந்து, அவனோடு ஒரு சுற்று மெல்ல நடவுங்கள். மருந்து நோயைத் தீர்க்கும். அவனை மீண்டும் களத்தில் நிறுத்துவது உங்கள் துணையே என்பது என் துணிபு.