பச்சைக் குளத்தை இறைக்காதீர்கள்

சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையோர பங்களாக்களில், ஆசைக்குக் கட்டி ஆளில்லாமல் பாசி பிடித்துக் கிடக்கும் நீச்சல் குளங்கள் உண்டு. வீட்டுக்காரர் திரும்பி வந்ததும் முதலில் சொல்வது: "மொத்தத் தண்ணியையும் இறைச்சிடுங்க." வேண்டாம் என்பேன். மழைக்குப் பின் அந்த மணல் பூமியில் நிலத்தடி நீர் மேலே ஏறி நிற்கும். உள்ளிருக்கும் தண்ணீரின் பாரம் போய்விட்டால், அடியிலிருந்து வரும் அழுத்தம் காலித் தொட்டியை விரிசல் விட வைக்கும். சில சமயம் அப்படியே தூக்கியும் விடும்.

பாசிக்கு மருந்து குளோரின்தான். ஆனால் முதலில் பிஎச் அளவைப் பாருங்கள். 7.5-இல் குளோரினில் ஏறக்குறையப் பாதிதான் வீரியமாக இருக்கும், 8.5-க்குப் போனால் பத்தில் ஒரு பங்கு தேறினால் அதிகம். அதைக் கவனிக்காமல் டப்பா டப்பாவாகக் கொட்டுவது காசைக் கரைப்பதுதான். (பிஎச்சைக் குறைக்க ஊற்றும் ஆசிட்டையும் குளோரினையும் ஒரே வாளியில் கலக்கும் புத்திசாலிகளும் இருக்கிறார்கள், கிளம்புவது நச்சுவாயு.) பிறகு மோட்டாரை விடாமல் ஓட்டி, செத்த பாசி மணல் ஃபில்டரை அடைக்க அடைக்க எதிர்த்திசையில் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். பொறுமை வேண்டிய வேலை.

"என் குளம், என் இஷ்டம்" என்பதையும் நான் ஏற்க மாட்டேன். 2007-இல் கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் வீட்டுக்கடன் கட்ட முடியாதவர்கள் கைவிட்ட குளங்களில் கொசு பெருகியது. அந்த ஆண்டு அங்கே கொசு பரப்பும் வெஸ்ட் நைல் காய்ச்சலும் கூடியது. நம் ஊரில் டெங்கு இருக்கிறது.

இறைத்தே ஆகவேண்டிய குளமும் உண்டுதான். அதைக் கோடையில், பகுதி பகுதியாகச் செய்யுங்கள்.