முதலில் கண்ணைக் குருடாக்குகிறார்கள்!

"எதிரியின் வான் பாதுகாப்பை அடக்குதல்" என்று யுத்த நிபுணர்கள் பேசுகிறார்கள். இந்த வார்த்தைக்குப் பின்னால் மறைந்திருப்பது என்ன என்று நாம் கேட்கிறோம். வியட்நாமைப் பார்த்தால் விளங்கும்.

1965 ஜூலை 24-ந் தேதி வட வியட்நாம் வானில் ஓர் அமெரிக்கப் போர் விமானம் ஏவுகணையால் வீழ்ந்தது. ஏவுகணையைத் தந்தது அன்றைய சோவியத் யூனியன். உயரப் பறந்தால் பீரங்கிக்குத் தப்பலாம் என்றிருந்தவர்கள் திடுக்கிட்டார்கள். அந்த ஆண்டே "வைல்ட் வீசல்" என்ற தனி விமானப் பிரிவை அனுப்பினார்கள். ஊரைக் காக்கும் ராடாரையும் ஏவுகணைத் தளத்தையும் தாக்குவதே அதன் வேலை.

சூட்சுமம் இதுதான். அலை வீசினால்தான் ராடார் விமானத்தைக் காண முடியும். அலை வீசினாலோ, தானிருக்கும் இடத்தைத் தானே காட்டிக் கொடுத்துவிடும். "ஷ்ரைக்" ஏவுகணை அந்த அலையைப் பிடித்துக்கொண்டே வந்து ராடாரின் மீது விழும்.

இரவில் பரண்மேல் விளக்கேற்றிப் பயிரைக் காக்கும் விவசாயியை நினைத்துப் பாருங்கள். விளக்கு எரிந்தால் வெளிச்சத்தைக் குறிவைத்துக் கல் வரும். அணைத்தால் திருடன் வயலில் இறங்குவான். ராடாரை அழிக்கக்கூட வேண்டியதில்லை. பயந்து அணைக்க வைத்தாலே போதும், குண்டு விமானத்துக்கு வழி திறந்துவிடும். "அடக்குதல்" என்பதன் அர்த்தம் இதுவே.

வியட்நாம் வீரர்கள் அடங்கினார்களா? இல்லை! சில விநாடிகள் மட்டுமே ராடாரை இயக்கி அணைத்தார்கள். சுட்டபின் இடம் மாறினார்கள். மூங்கிலால் பொய்த் தளங்கள் கட்டி ஏமாற்றினார்கள்.

1972 டிசம்பர் 18 முதல் 29 வரை பி-52 விமானங்கள் ஹனோயையும் ஹைபாங்கையும் தாக்கின. வைல்ட் வீசல்கள் துணைக்கு வந்தன. காம் தியென் தெரு தரைமட்டமாயிற்று. பாக் மாய் மருத்துவமனை இடிந்தது. 1,600-க்கும் அதிகமான மக்கள் மாண்டதாக வியட்நாம் அறிவித்தது. ஆனால் 15 பி-52 விமானங்களை இழந்ததாக அமெரிக்காவே ஒப்புக்கொண்டது. 1973 ஜனவரி 27-ல் பாரிஸ் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

அதோடு இந்த ஆயுதம் ஓயவில்லை. ராடாரை அணைத்தாலும் இடத்தை நினைவில் வைத்து வரும் ஏவுகணைகள் 1991-ல் ஈராக் மீதும் 1999-ல் யூகோஸ்லாவியா மீதும் ஏவப்பட்டன.

தோழர்களே! "வான் பாதுகாப்பு முடக்கப்பட்டது" என்று பத்திரிகையில் படித்தால், அடுத்து விழப்போவது எங்கே என்று கேளுங்கள். அந்த வானத்தின் கீழே உழைத்துக் களைத்த ஓர் ஊர் உறங்குகிறது. அதன் காவல்காரனைக் குருடாக்குகிறவன், தற்காப்புக்காக வந்தேன் என்று சொன்னால் நாம் நம்பப் போவதில்லை!