மண் சுமந்த கூலிக்குக் கட்சி ஏது?

'டபுள் இன்ஜின் சர்க்கார்' என்று தேர்தல் மேடைகளில் பா.ஜ.க.வினர் முழங்குகிறார்கள். டெல்லியிலும் மாநிலத்திலும் ஒரே கட்சி ஆண்டால் வேலையும் வளர்ச்சியும் ஓடிவருமாம். அப்படியென்றால், வேறு கட்சிக்கு ஓட்டுப் போட்ட ஊரின் கதி என்ன?

மேற்கு வங்கத்துக் கூலித் தொழிலாளர்களுக்கு அது தெரியும். போலி வேலை அட்டை, பொய்க் கணக்கு என்று புகார்கள் கிளம்ப, 2022 மார்ச்சில் அந்த மாநிலத்துக்கான நூறு நாள் வேலை நிதியை மத்திய அரசு நிறுத்தியது. அந்தத் திட்டத்துக்கான 2005-ம் ஆண்டுச் சட்டத்தின் 27-வது பிரிவு அந்த அதிகாரத்தைத் தந்தது. கூடவே, நியாயமான காலத்துக்குள் குறைகளைக் களைய வேண்டும் என்றும் சொன்னது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் இழுத்தடித்ததை நியாயமான காலம் என்று யாரும் ஏற்க மாட்டார்கள். திருடியவர்கள்மீது வழக்குப் போட்டு உள்ளே தள்ளட்டும். குளம் வெட்டிவிட்டுக் கூலிக்குக் காத்திருந்தவர் செய்த குற்றம் என்ன? அவருடைய பாக்கியை 2024-ல் மாநில அரசே தன் கஜானாவிலிருந்து கொடுக்க வேண்டிவந்தது. வேலையை மீண்டும் தொடங்கும்படி 2025 ஜூனில் கல்கத்தா உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதை எதிர்த்தும் மத்திய அரசு உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது.

15 நாளில் கூலி என்றது சட்டம். தமிழ்நாட்டிலோ 2025 பொங்கல் சமயத்தில் 1,056 கோடி ரூபாய் கூலி நிலுவையைக் கேட்டு முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். பா.ஜ.க. ஆளும் மாநிலங்களிலும் பாக்கி இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால், மேற்கு வங்கத்தைப் பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வராமல் எப்படி இருக்கும்?

டெல்லியை நோக்கி விரல் நீட்டிய தமிழ்நாடு அரசுக்கும் ஒரு கேள்வி. 2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தது. உடனே தேர்தல் நடத்தாமல் நிர்வாகத்தைத் தனி அலுவலர்களிடம் ஒப்படைத்தார்கள். வேலை கேட்டு வரும் பெண்கள் ஊருக்குள் யாரிடம் உரிமையோடு சண்டை போடுவார்கள்?

2025 டிசம்பரில் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டம் 125 நாள் வேலை என்கிறது. பெரும்பாலான மாநிலங்கள் செலவில் 40 சதவிகிதத்தைச் சுமக்க வேண்டும். எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்பதை மத்திய அரசே தீர்மானிக்கும். அதற்கு மேல் ஆகும் செலவு மாநிலத்தின் தலையில். கட்சி பார்த்துக் கொடுக்கும் வாய்ப்பு இதில் இன்னும் அதிகம். எனவே, ஒதுக்கீட்டுக் கணக்கை மாநிலவாரியாக ஒவ்வோர் ஆண்டும் நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். முறைகேட்டு விசாரணைக்குக் காலக்கெடு வேண்டும். விசாரணை நடக்கும்போதும், செய்த வேலைக்கான கூலியை எந்த அரசும் நிறுத்த முடியாதபடி சட்டத்திலேயே எழுத வேண்டும்.