மொத ரிவால்வர் எது வாங்கலாம்?

சித்தப்பா மகன் துபாயிலிருந்து லீவுக்கு வந்திருந்தான். கடையநல்லூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டான்: “அண்ணே, மொத ரிவால்வரா எது வாங்கலாம்? நாலு இஞ்ச் பேரலா, ஆறு இஞ்சா? சும்மா டார்கெட் சுடத்தான்.” அங்கே ஒரு ரேஞ்சில் ஐம்பது ரவுண்டு சுட்டிருக்கிறான். அதிலிருந்து யூடியூப் அவனைப் பிடித்துக்கொண்டது. அமெரிக்காவில் ஒரு தாடிக்காரர் வாரம் ஒரு ரிவால்வரைப் பிரித்துக் காட்டுகிறார், இவன் குறிப்பெடுக்கிறான்.

நானும் மூன்று வருஷமாக ஞாயிறுதோறும் ஒரு ரேஞ்சுக்குப் போகிறவன். ஸ்பெக் ஷீட்டைப் பார்த்தால் எனக்கும் கை துறுதுறுக்கும். ஆனாலும் சொல்கிறேன்: காகிதத்தில் ஓட்டை போடத்தான் ஆசை என்றால், நம் ஊர்க்காரனுக்கு முதல் ரிவால்வர் என்று ஒன்று தேவையே இல்லை. ரிவால்வர்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவனுக்குக் காகிதம் ஒரு சாக்கு.

முதலில் சட்டம். தாடிக்காரர் கொண்டாடும் .38 இங்கே தடைசெய்யப்பட்ட அளவு, 9 மில்லிமீட்டரும் அப்படியே. 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி நமக்கு மிஞ்சுவது பெரும்பாலும் கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் .32. அதற்கும் வயது 21 ஆகியிருக்க வேண்டும், கலெக்டரிடம் மனு, போலீஸ் விசாரணை, பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். இதெல்லாம் தொல்லை என்று நான் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் கடுமையாக இருந்தாலும் சந்தோஷம்தான்.

எனக்கு முக்கியம் கணக்கு. ஃப்ரண்ட் சைட்டுக்கும் ரியர் சைட்டுக்கும் நடுவில் 10 சென்டிமீட்டர் தூரம் என்று வையுங்கள். நடுங்கும் கையில் முன்முனை ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகுகிறது. 25 மீட்டர் தள்ளியிருக்கும் காகிதத்தில் குண்டு 25 சென்டிமீட்டர் தள்ளிப் போய் விழும். அந்தத் தூரத்து பிஸ்டல் டார்கெட்டில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 5 சென்டிமீட்டர்தான்! இடைவெளி இரட்டிப்பானால் தவறு பாதியாகும். 2014இல் கான்பூரிலிருந்து வந்த ‘நிர்பீக்’ நினைவிருக்கிறதா? பெண்களின் பாதுகாப்புக்கென்று விளம்பரம் செய்தார்கள். அரைக் கிலோ எடை, விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். கைப்பையில் அடங்குவதற்காக பேரலைக் குட்டையாக்கிய எந்தத் துப்பாக்கியையும் டார்கெட்டுக்கு வாங்குவது, மாரத்தான் ஓட ஹவாய் செருப்பு வாங்குகிற மாதிரி.

அப்புறம் ட்ரிகர். டபுள் ஆக்‌ஷனில் சுட்டால் விரல் நாலைந்து கிலோ இழுக்க வேண்டும். போட்டி ஏர் பிஸ்டலில் குறைந்தபட்சம் அரைக் கிலோ போதும். இதைவிட மோசம், வெடியும் உதையும் பழக்கிவிடும் பயம். சிலிண்டரில் ஐந்து அறையில் குண்டும் ஒரு அறையில் வெற்றுத் தோட்டாவும் போட்டு, எது எங்கே என்று சொல்லாமல் கோச் கையில் கொடுத்தார். வெற்றறை வந்தது. ‘டிக்’ என்ற சத்தம் மட்டும். ஆனால் என் மணிக்கட்டு, வராத உதையைத் தாங்க மூக்கை ஒரு விரற்கடை கீழே அமுக்கிவிட்டிருந்தது. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த ஒரு பயத்தை மறக்க எனக்கு ஏழெட்டு மாதம் ஆனது, அதுவும் ஏர் பிஸ்டலுக்குத் திரும்பிப் போய்.

மனு பாக்கர் 2024 பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கியது 10 மீட்டர் ஏர் பிஸ்டலில். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக் வரை போனது ஏர் ரைஃபிளில். ரிவால்வருக்கு இடம் தரும் சென்டர் ஃபயர் போட்டி ஒன்று உண்டு, மறுக்கவில்லை. அது ஒலிம்பிக்கில் கிடையாது. அங்கே போய்ச் சேருகிறவர்களும் ஏர் பிஸ்டலில் ஆயிரக்கணக்கான பெல்லட் சுட்டுத் தீர்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். 2016 விதிகளின்படி .177 அளவுக்குள், 20 ஜூலுக்குள் இருக்கும் ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸும் வேண்டாம். 10 மீட்டர் என்பது நம்மூர்க் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடத்தில் அடங்கிவிடும். பள்ளிக்கூடத்துக்கு ஒன்று போட என்ன பெரிய செலவு? ‘துப்பாக்கியே கூடாது’ என்று முகம் சுளிக்கும் என் இலக்கிய நண்பர்களோடும் எனக்கு ஒத்துவராதது இங்கேதான். மூச்சை அடக்கி ஒரு புள்ளியைப் பார்த்து நிற்பது நல்ல விளையாட்டு. அதை ஏன் வேட்டைக்காரப் பரம்பரைகளுக்கும் பணக்காரர்களுக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும்?

இதையெல்லாம் சொன்னேன். தம்பி கடைசி அஸ்திரத்தை எடுத்தான். “செங்கோட்டை இந்தா கெடக்கு. வாஞ்சிநாதன் ரிவால்வர் புடிச்ச மண்ணுண்ணே இது.”

1911 ஜூன் 17, மணியாச்சி. ஆஷைச் சுட்டது ரிவால்வரே இல்லை, பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல். அதைத் திருத்துவது சுலபம். கஷ்டம் வேறு. இந்தப் பக்கத்தில் கைத்துப்பாக்கி என்றாலே எதிரில் ஒரு ஆள் நிற்கிற மாதிரிதான் நமக்குப் படம் ஓடுகிறது. அரிவாளையும் அப்படித்தான் ஆக்கினோம். கருதறுக்கவும் தேங்காய் வெட்டவும் இருந்த சாமானை ஃபிளெக்ஸ் பேனரில் ஏற்றி, சாதிக்கு ஒரு தோரணையாக்கி, எத்தனை பிள்ளைகளைத் தின்னக் கொடுத்தோம் என்று திருநெல்வேலிச் சீமையில் யாருக்கும் நான் சொல்லவேண்டியதில்லை. லைசென்ஸ் ரிவால்வர் அதே பேனரின் பணக்காரப் பதிப்பு. கல்யாண வீட்டில் சட்டை லேசாக விலகினால் போதும், நாலு பேர் பார்த்துவிடுவார்கள், குறி பார்க்கவே தெரிய வேண்டாம். சந்தோஷத்துக்கு வானத்தைப் பார்த்துச் சுடுகிறவர்களுக்காக 2019 திருத்தத்தில் இரண்டு வருஷம் வரை சிறை என்று தனியாக எழுதவேண்டி வந்த நாடு இது.

“பாதுகாப்புக்கு ஆகும்லா?” என்றான். யாரிடமிருந்து என்று கேட்டேன். மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பதில் இல்லை. வீட்டில் மூன்று வயதில் மகன் இருக்கிறான், அலமாரிச் சாவி எங்கே தொங்குகிறது என்று அவனுக்குத் தெரியும். இவன் துபாய் திரும்பிய பிறகு அந்த அலமாரிக்கு யார் காவல் என்றேன். அதற்கும் பதில் இல்லை.

அடுத்த மாதம் மதுரையில் ஏதாவது கிளப்பில் ஒரு நாள் ஏர் பிஸ்டல் சுட்டுப் பார், பிடித்தால் நானே ஒன்று வாங்கித் தருகிறேன் என்றேன். போனில் படத்தைக் காட்டினேன். பக்கவாட்டில் திருப்பி, பெரிதாக்கி, கைப்பிடியின் மரத்தை ரொம்ப நேரம் பார்த்தான்.

“அண்ணே, இத இடுப்புல சொருக முடியுமா?”

“முடியாதுல. ஒன்ற முழம் நீளம்.”

கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். டீக்கு அவன்தான் காசு கொடுத்தான்.